கட்டைவிரலுக்குக் கீழே சூடு

முதலில் அதை வெயில் என்றுதான் நினைத்தேன். கோவில்பட்டியிலிருந்து புதூர்ப் பக்கம் வண்டியில் போனால் கைப்பிடி, டேங்க், தலைக்கவசம் எல்லாமே சுடும். ஆனால் ஐப்பசி மழை பிடித்துக் கரிசல் குளிர்ந்து கிடந்தபோதும் இடது கைப்பிடியில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டி மட்டும் வெதுவெதுப்பாகவே இருந்தது. அதுவும் ஹெட்லைட் போட்ட பிறகுதான்.

நான் கால்நடை மருத்துவர். அந்த மோட்டார் சைக்கிள் என் கணவருடையது. சவுதிக்குக் கிளம்புவதற்கு முன்னால், "இந்த மஞ்ச வெளிச்சத்த வச்சுக்கிட்டு அந்த ரோட்டுல எப்படிப் போவ?" என்று சொல்லிப் பெரிய பல்பு ஒன்றை அவரே மாட்டிக் கொடுத்தார். இடைசெவலில் இருக்கும் தன் தம்பியின் வண்டிக்கும் அதே பல்பை மாட்டினார். இரண்டும் ஒரே மாதிரியான பழைய வண்டிகள். வெளிச்சம் பகல் மாதிரி விழுந்தது. வேலிக்கருவை மரங்களின் ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது. எனக்கும் கொழுந்தனுக்கும் பெரிய சந்தோஷம்.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. பிரைட்டிலிருந்து டிம்முக்கு மாற்றும்போது வெளிச்சம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. ஹாரன் கம்மியது. சில மாலைகளில் அரக்கு உருகுவது போல ஒரு வாசனை வரும். வண்டியை நிறுத்தி முகர்ந்து பார்த்தால் எதுவும் இருக்காது. மருந்துப் பெட்டியில் ஏதாவது கொட்டிவிட்டதோ என்று அதைத்தான் திறந்து பார்ப்பேன்.

அந்த மாதம் புதூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் ஆடுகள் மூக்கொழுகி, வாய் வெந்து, விழுந்துகொண்டிருந்தன. ஒருநாள் ஊசி போட்டு முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. என்னுடன் வேலை பார்க்கும் உதவியாளர் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். மேற்கே மேகம் கறுத்து நின்றது. சாலையின் இரண்டு ஓரமும் மழை குடித்த கரிசல். சக்கரம் அதில் இறங்கினால் வண்டி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

எதிரே காற்றாலை இறக்கை ஏற்றிய லாரி வந்தது. அந்த லாரிகளின் நீளம் கடந்து முடிவதற்கே நேரமாகும். நான் டிம் அடித்தேன்.

வெளிச்சம் போய்விட்டது. இந்த முறை திரும்பி வரவில்லை. பட்டனை மேலும் கீழும் தள்ளினேன். சூட்டில் இளகிய பிளாஸ்டிக் விரலோடு இழுபட்டு வந்தது. லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்ததில் முன்னால் சாலை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

"மேடம், நிறுத்துங்க! மணிச் சத்தம் கேக்குது!" என்று அண்ணாச்சி என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிக் குறுக்கே திரும்பி நின்றது. லாரி கடந்து போன பிறகுதான் முன்னால் இருந்தது தெரிந்தது. லாரிக்கு வழிவிட்டு எங்கள் பக்கம் ஒதுங்கிய ஆடுகள். முன் சக்கரத்தை ஒட்டி ஒரு கிடாய் நின்று என்னைப் பார்த்தது. அதற்குப் பின்னால், மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஒரு பெண்.

"லைட்டு இல்லாமயா வருதிய? எங்கள மண்ணோட மண்ணா அடிச்சிட்டுப் போறதுக்கா?" என்று அவள் கத்தினாள்.

ஸ்விட்ச் பெட்டியிலிருந்து புகை நூல் மாதிரி எழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். அண்ணாச்சி எட்டிச் சாவியைத் திருகி எடுத்தார். புகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அந்தப் பெண்ணும் நாங்களும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் காலை கோவில்பட்டியில் வண்டி ஒயரிங் செய்பவர் ஹெட்லைட்டைக் கழற்றினார். ஸ்விட்ச் மட்டும் கெட்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் டேங்கையும் தூக்கிக் காட்டினார். அதற்கு அடியில் போன ஒயர்கள் பழுப்பாகிப் பொருக்குத் தட்டி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"பல்பு இழுக்குற கரண்டு அம்புட்டும் இந்தச் சின்ன ஸ்விட்சு வழியாத்தான் போயிருக்கு மேடம். பழைய பல்புக்குப் போட்ட ஒயரு. இது தாங்காது" என்றார். "பாட்டரியில இருந்து நேரா தடிச்ச ஒயரு இழுத்து, கரண்டு கூடுனா அத்துக்கிற மாதிரி ஒரு பீஸ் வச்சு, ரிலே மாட்டிருதேன். அப்புறம் ஸ்விட்சு உத்தரவு மட்டும்தான் போடும். கரண்டு இந்தப் பக்கம் வராது."

இவ்வளவுதான் விஷயம். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கணவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "தம்பி வண்டி?" என்றார் அவர்.

அன்றே கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

"எனக்கு நல்லாத்தான எரியுது மதினி. பீஸ்தான் அடிக்கடி போச்சு. செம்புக் கம்பிய முறுக்கி வச்சிட்டேன். இப்ப தொந்தரவே இல்ல" என்றான்.

பீஸ் போனதே அவனைக் காப்பாற்றத்தான். "தம்பி, அத உடனே எடுங்க. பிள்ளைய டேங்குமேல உக்கார வச்சுக்கிட்டுப் போறிய" என்றேன்.

"உளுந்துக்கு மருந்தடிக்கணும். அது முடியட்டும், கொண்டாறேன்."

மருந்தடித்து முடித்தான். பிறகு களையெடுப்பு வந்தது, பிறகு யாரோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். தினமும் பொழுது சாயும் நேரத்தில் அவனைக் கூப்பிடுவேன். மணி அடித்துக்கொண்டே இருந்தால், எடுக்கும்வரை வேறு வேலை ஓடாது. "வீட்டுலதான் இருக்கேன் மதினி" என்று சிரிப்பான். அவனுடைய மனைவிக்கும் சொன்னேன். "நான் சொன்னா எங்க கேக்காவ?" என்றாள்.

ஒரு மாலை அவனிடமிருந்தே அழைப்பு வந்தது.

"மதினி, வண்டி எரிஞ்சு போச்சு."

"பிள்ள எங்க?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"வீட்டுல. அவனுக்குக் காச்சல். இன்னைக்கு கூட்டிட்டுப் போகல."

ஓட்டப்பிடாரம் போய்விட்டுத் திரும்பும்போது தொடையில் ஏதோ சுட்டிருக்கிறது. குனிந்து பார்த்தால் டேங்குக்கு அடியிலிருந்து தீ. வண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கரிசலில் குதித்திருக்கிறான். பக்கத்து வயலில் இருந்தவர்கள் ஓடி வந்து மண்ணை அள்ளிப் போடுவதற்குள் முன்பாதி முழுக்கக் கருகிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அது சாலையோரத்தில் எலும்புக்கூடாகக் கிடந்தது. ஹெட்லைட் உருகிக் கீழ்நோக்கித் தொங்கியது. கொழுந்தன் உள்ளங்கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், மறுபடி உட்கார்ந்துவிட்டான். டேங்க் இருந்த இடத்தையே இரண்டு பேரும் பார்த்தோம். தினமும் பிள்ளை உட்கார்ந்து போன இடம் அது.

அவன் கை ஆறிவிட்டது. வேறொரு பழைய வண்டி வாங்கினான். வீட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே கோவில்பட்டியில் ரிலே மாட்டினான். ஆனாலும் அவன் மனைவி பிள்ளையை முன்னால் உட்கார விடுவதில்லை. என் கணவர் விடுமுறையில் வந்தபோது, எரிந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். அழைத்துப் போனேன். புல் முளைத்து அடையாளம் அழிந்திருந்தது. இருந்தும் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

ஒயரிங்காரர் அன்று சொன்ன ஒன்று மட்டும் என்னை விடவில்லை. "வெள்ளையா கண்ணக் கூசுற வெளிச்சத்தோட எத்தன வண்டி வருது பாருங்க மேடம். பாதிப்பேரு பல்ப மட்டும்தான் மாத்தியிருப்பாவ."

இப்போதெல்லாம் மாலையில் திரும்பும்போது எதிர் வெளிச்சங்களைத்தான் பார்க்கிறேன். போன வாரம் புதூர் வழியில் ஒரு வண்டி டிம் அடிக்கும்போது ஒரு கணம் அணைந்து எரிந்தது. கை காட்டி நிறுத்தினேன். இளைஞன் ஒருவன், பின்னால் அவன் மனைவி, அவள் மடியில் கைக்குழந்தை. ஸ்விட்சைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அவன் தொடவில்லை. "நல்லாத்தான எரியுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அந்தப் பெண் மட்டும் கொஞ்ச தூரம் வரை என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.