ரமோனிடம் சொல்லாமல் வைத்த செய்தி

பேரின்பநாயகத்தின் கனடா வாழ்க்கையில் முதல் இரண்டு வருடங்கள் சேற்றோடு போயின. பரிதாபம் தேடிச் சொல்லவில்லை. அவருக்கு வாய்த்த வேலையே அதுதான். மட்டக்களப்பில் கூட்டுறவுச் சங்கக் கடைக்கு மனேச்சராக இருந்தவர். காலையில் போட்ட வெள்ளைச் சட்டை மாலைவரை கசங்காத மனிதர். மொன்ரியலுக்கு வந்து, சென்ட் லோரன்ட் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கடையில் கிழமை நாட்களில் பெட்டி ஏற்றி இறக்கினார். சனி, ஞாயிறுகளில் கடை முதலாளியின் பந்தயக் குழுவோடு வான் வண்டியில் போய், ஓடிவிட்டு வரும் சைக்கிளைக் கழுவினார்.

அந்தப் பந்தயத்துக்கு மோட்டோகுறொஸ் என்று பெயர். நல்ல தார் ரோட்டு இருக்கிற நாட்டில், வேலை மினக்கெட்டு மண்ணைக் குவித்து, தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, அதற்குள்ளே முப்பது நாற்பது பேரை ஒரேயடியாக அவிழ்த்து விடுவார்கள். ஆளும் வண்டியுமாகக் கூரை உயரத்துக்கு எழும்பி விழுவார்கள். ஒரே நாளில் இரண்டு ஓட்டம். முதல் ஓட்டம் முடிந்து வரும்போது வண்டியில் அப்பியிருக்கும் சேறே அரை ஆள் பாரம் இருக்கும். இரண்டாம் ஓட்டத்துக்குள் அதைக் கட்டையால் சுரண்டி, சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். "விசர் பிடிச்ச வெள்ளைக்காரனுகள்" என்று பேரின்பநாயகம் தமிழில் திட்டிக்கொண்டே கழுவுவார். திட்டு ஒருவருக்கும் விளங்காது என்பது அந்த வேலையில் இருந்த ஒரே சுகம்.

1986 வசந்தத்தில் குழுவுக்கு ஒரு ஸ்பானியப் பொடியன் வந்து சேர்ந்தான். பெயர் ரமோன், வயது இருபத்தொன்று. தகப்பனுக்குச் செங்கல் சூளையில் வேலை. மகன் சிறுவனாக இருந்தபோதே ஒரு பழைய சின்ன மோட்டார் சைக்கிளைத் திருத்திக் கொடுத்து, சூளைக்குப் பின்னாலிருந்த களிமண் குவியல்களில் ஓடவிட்டவர் அவர்தான். பதினைந்தில் ரமோன் மாகாணச் சம்பியன். பதினெட்டில் சம்பளத்துக்கு ஓடுகிறவன். பிரான்ஸ், இத்தாலி என்று ஊர் ஊராக வான் ஓட்டிக்கொண்டு போனதும் தகப்பன்தான். பிறகு பெல்ஜியத்தில் ஒரு மேட்டிலிருந்து விழுந்து ரமோனின் தோள் எலும்பு முறிந்தது. அவனைக் கொண்டாடிய பெரிய குழு, தோளில் கட்டு இருக்கும்போதே வேறொருவனைப் பிடித்துக்கொண்டது. தோள் தேறிய பிறகும் ஒருவரும் கூப்பிடவில்லை. மொன்ரியல் முதலாளி மட்டும் ஒரு பருவத்துக்கு எடுத்தார். இங்கே பெயர் எடுத்தால் அமெரிக்கா, எடுக்காவிட்டால் அப்பாவோடு செங்கல் சூளை என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

தங்குவதற்குப் பேரின்பநாயகத்தின் வீட்டிலேயே ஓர் அறை கொடுத்தார்கள். இருவரும் கதைத்தது பிரெஞ்சு என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். "பெரி" என்று கூப்பிடுவான். தேங்காய்ப்பால் சொதியைக் கோப்பையில் ஊற்றி, பாண் துண்டைத் தோய்த்து, வாய் ஓயாமல் சாப்பிடுவான். விழுந்து வந்தால் பேரின்பநாயகம் முதுகுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார். அவன் ஸ்பானிய மொழியில் கத்துவான், இவர் தமிழில் ஏசுவார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்து, ஒவ்வொரு சுற்றையும் கை காட்டிக் காட்டி விவரிப்பான். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் பேரின்பநாயகத்துக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அந்த நேரம் வீட்டில் ஒரு குடும்பம் இருப்பதுபோல இருக்கும். அவருடைய பெண்சாதி புஷ்பவதியும் இரண்டு பெண்பிள்ளைகளும் மட்டக்களப்பில் இருந்தார்கள். அகதி வழக்கு எப்போது முடியும் என்று கேட்டால் வழக்கறிஞரே கையை விரித்தார்.

ஓகஸ்டில் பருவத்தின் கடைசிப் பந்தயம் வந்தது. லொங்குய்ய் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம், மண் அகழ்ந்த ஒரு பெரிய கிடங்குப் பள்ளத்தில். அமெரிக்கக் குழுவொன்றின் ஆள் பார்க்க வருகிறான் என்றும், முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ரமோனை எடுத்துவிடுவான் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை ரமோன் வண்டியைப் பார்க்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

பேசியது ரமோனின் அக்கா. அவளுக்கு நல்ல பிரெஞ்சு தெரியும். எதிரில் இருப்பவரின் நிலைமை விளங்கி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். அப்பா இன்றைக்கு இறந்துவிட்டார். மாரடைப்பு. நாளைக்கு அடக்கம். ரமோனை உடனே வரச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அழுதாள். அவ்வளவும் பேரின்பநாயகத்துக்குத் தெளிவாக விளங்கியது. திருப்பிச் சொல்லத்தான் பிரெஞ்சு இல்லை. "வீ, வீ, மெர்சி" என்று சொல்லி வைத்துவிட்டார். சாவுச் செய்தி சொன்னவளுக்கு மெர்சி, நன்றி என்று சொன்ன மடையன் நான் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கீழ் வீட்டில் சீதேவியக்கா இருந்தாள், அவருடைய பெரியம்மாவின் மகள். நேரே அங்கே ஓடினார்.

"அக்கா, ரமோன்ட அப்பா மோசம் போயிற்றாராம்."

"ஐயோ கடவுளே! பொடியனுக்குத் தெரியுமா?"

"இல்லை. இன்னும் கடையால வரல்ல."

"அப்ப சொல்லிப் போடாத தம்பி. நாளைக்கு அந்தச் சேத்துக்குள்ள பாயிறவன். நினைப்பு வேற எங்கயும் போனா கழுத்த முறிச்சிப் போடுவான். ஓட்டம் முடியட்டும், ஒரு வாய் சாப்பிடட்டும், மறுகா சொல்லுவம்."

"தமக்கை அழுறா. உடன வரச் சொல்லட்டாம்."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க. உன்ட அம்மா செத்த நேரம் புஷ்பவதியும் அவர வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க எண்டுதான் குழறினவ. வர ஏலுமா? செத்த வீட்டில அதச் சொல்லாம வேற என்னத்தச் சொல்லுற?"

போன வருடம் பேரின்பநாயகத்தின் தாய் இறந்தபோது, குடிவரவு அதிகாரிக்கு முன்னால் அவர் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்கிற விசாரணைக் கிழமை. செய்தி வந்தது சீதேவியக்காவுக்கு. அவளும் புருஷனும் வாயைத் திறக்கவில்லை. விசாரணை முடிந்த அன்று அவரைக் கூப்பிட்டு, மீன் குழம்போடு சோறு போட்டு, அவர் கை கழுவின பிறகுதான் சொன்னார்கள். அவர் சுவரில் தலையை முட்டி அழுதார். ஆனால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முன்னமே சொல்லியிருந்தால் விசாரணையில் வாய் குழறியிருக்கும், வழக்குப் போயிருக்கும், தாயும் வந்திருக்க மாட்டாள். ஊருக்குப் புறப்பட்டால் திரும்பி வர முடியாது. போய்ச் சேர்ந்த இடத்தில் உயிருக்கும் பொறுப்பில்லை. அவர் லொங்குய்ய் கரையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்தார், அவ்வளவுதான் முடிந்தது. எங்களுடைய ஆட்கள் இப்படித்தான். சோதனை எழுதப்போகிற பிள்ளைக்குச் சொல்லமாட்டோம், பயணத்தில் இருக்கிறவருக்குச் சொல்லமாட்டோம், சாப்பாட்டுக்கு முன்னால் யாருக்குமே சொல்லமாட்டோம். அன்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

அவர் மேலே வந்து, தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார்.

பின்னேரம் ரமோன் வந்தான். சீதேவியக்கா கொடுத்துவிட்ட இடியப்பத்தையும் சொதியையும் கண்டு கை தட்டினான். பேரின்பநாயகம் அவனுடைய முகத்தைப் பார்க்காமல் பரிமாறினார்.

"அப்பாவோட கதைக்கயில்லையா?" என்று கேட்டும் விட்டார். ஏன் கேட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நாளைக்கு," என்றான் ரமோன். "நாளைக்கு நல்ல செய்தியோட எடுக்கிறேன். இண்டைக்கு எடுத்தா எனக்கும் பயம் வரும், அவருக்கும் பயம் வரும்."

இப்போதே சொல்லிவிடலாம் என்று பேரின்பநாயகம் வாயெடுத்தார். பொடியன் இடியப்பத்தில் கை வைத்திருந்தான். சாப்பிடுகிறவனிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை வெயில். முதல் ஓட்டத்தில் ரமோன் நான்காவதாக வந்தான். பேரின்பநாயகம் வண்டியைக் கழுவினார், ஆனால் திட்டவில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். இரண்டாம் ஓட்டம் தொடங்கியதும் கயிற்றோரம் நின்று, மாமாங்கேஸ்வரரே, இவன் விழக்கூடாது, இன்றைக்கு விழுந்தால் நான்தான் கொன்றது என்று மன்றாடினார். ஒவ்வொரு மேட்டிலும் அவன் எழும்பும்போது கண்ணை மூடினார். விழுந்த சத்தம் கேட்காததால் திறந்தார். இப்படியே அந்த அரை மணித்தியாலமும் கழிந்தது. ரமோன் அதில் முதலாவதாக வந்தான். இரண்டையும் கூட்டிப் பார்த்ததில் இரண்டாம் இடம்.

அமெரிக்க ஆள் அங்கேயே கை கொடுத்தான். முதலாளி பியர் உடைத்தார். அந்த அமெரிக்கக் குழுவுக்கு ரமோன் மூன்று பருவம் ஓடினான். முழங்கால் போன பிறகு ஊரில் கடை வைத்தானாம். அதெல்லாம் முதலாளி பிற்காலத்தில் சொல்லித்தான் பேரின்பநாயகத்துக்குத் தெரியும். அவருக்கு ரமோன் ஒருநாளும் தொலைபேசி எடுக்கவில்லை.

எல்லாரும் கலைந்தார்கள். ரமோன் வானின் படியில் உட்கார்ந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினான். பேரின்பநாயகம் சுற்றிக் கொண்டுவந்த பாணைக் கொடுத்தார். அவன் சாப்பிட்டு முடித்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்.

ரமோன் முதலில் சிரித்தான், விளங்கவில்லை என்று. அவர் திரும்பச் சொன்னார்.

"எப்ப?"

"நேற்று."

"நேற்றா?" கழற்றிய சப்பாத்து மடியில் அப்படியே இருந்தது. "யார் எடுத்தது?"

"உன்ட அக்கா. காலமை."

அவன் குழறுவான், விழுந்து புரளுவான் என்று பேரின்பநாயகம் தயாராக நின்றார். பிடித்துக்கொள்ளக் கையைக்கூட நீட்டியிருந்தார். ரமோன் அழவில்லை. சப்பாத்தைத் திரும்பக் காலில் மாட்டினான்.

"மிராபெல்லுக்கு விடு," என்றான்.

மிராபெல் என்றால் விமான நிலையம். துக்கத்தில் ஏதோ சொல்கிறான், போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரட்டும் என்று நினைத்துத்தான் பேரின்பநாயகம் வானை விட்டார். பாலம் தாண்டி, நகரம் தாண்டி, வடக்கே வயல்வெளிக்குள் போனார்கள். பின்னால் கழுவாத வண்டி குலுங்கிக்கொண்டு வந்தது.

உள்ளே போனதும் ரமோன் நேரே தொலைபேசிப் பெட்டிக்குள் நுழைந்தான். அங்கே அழுதான், கண்ணாடிக்கு வெளியே நின்றவருக்குத் தெரிந்தது. பிறகு பந்தயப் பதிவுக்கென்று ஜக்கெற் பையில் கொண்டுவந்திருந்த பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரு பெண்ணோடு கதைத்து, கையில் விமானச் சீட்டோடு திரும்பி வந்தான்.

"தேவாலய வாசலில சவப்பெட்டிய வச்சுக்கொண்டு பொழுது சாயும்வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தவங்களாம்," என்றான். "நேற்று ராத்திரி பிளேனில நான் ஏறிற்றன் எண்டு அம்மா எல்லாருக்கும் சொல்லியிருக்கிறா."

பேரின்பநாயகம் அந்தச் சீட்டையே பார்த்தார். நேற்றும் இதே விமானம் பறந்திருக்கும். நேற்றும் இவன் பாஸ்போட்டைக் காட்டி ஏறியிருப்பான், காலையில் இறங்கியிருப்பான், தகப்பனின் முகத்தைப் பார்த்திருப்பான். அவன் போகக்கூடியவன். இந்தச் சின்ன விஷயம் சனிக்கிழமை முழுவதும் அவருடைய மண்டையில் ஏறவில்லை. சீதேவியக்காவின் மண்டையிலும் ஏறவில்லை. இந்த ஊருக்கு வந்த நாள் தொடக்கம் அவர்கள் பழகிய ஆட்களில் செத்த வீட்டுக்குப் போகக்கூடிய ஒருவர்கூட இருக்கவில்லை. வரச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் அழுதபோது, அவள் உண்மையாகவே வரத்தான் சொல்கிறாள் என்று அவர் எண்ணவே இல்லை.

"ரமோன்," என்றார்.

ரமோன் அவருடைய கையைப் பிடித்தான். "நீயும் வா. நீ வந்து அம்மாட்டச் சொல்லு. ஏன் சொல்லாம வச்சனி எண்டு நீயே சொல்லு. நான் சீட்டு எடுக்கிறேன். வா."

"ஏலாது ரமோன்."

"ஏன் ஏலாது? மூண்டு நாள். போய்ச் சொல்லிப்போட்டு வா."

அவன் கையை விடவில்லை. பயணிகள் உள்ளே போகும் கதவடிவரை இழுத்துக்கொண்டு போய்விட்டான். அங்கே நின்ற உத்தியோகத்தர் ரமோனின் பாஸ்போட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்ததுக்காகப் பேரின்பநாயகத்திடம் கையை நீட்டினார். பேரின்பநாயகம் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

வழக்கு, அகதி, போனால் திரும்ப முடியாது, போன வருடம் என்னுடைய தாய்க்கும் இதுதான் நடந்தது. இவ்வளவையும் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். சேறு, தண்ணீர், சில்லு, கெதியாய், கவனம்: இரண்டு வருடமாகக் கடையில் பொறுக்கிய சொற்கள் இவைதான். உத்தியோகத்தர் தள்ளி நிற்கச் சொன்னார்.

ரமோன் கையை விட்டான். "உனக்குப் பயம்," என்றான். "என்ட அம்மாட முகத்தப் பார்க்க உனக்குப் பயம்."

பேரின்பநாயகம் ஓம் என்று தலையாட்டினார். அவனுக்கு விளங்கக்கூடிய காரணம் அது ஒன்றுதான் இருந்தது.