பக்கத்து வகுப்பின் ஹெர்குலிஸ்

மதுரையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்து அரசியல் கார்ட்டூன்களில் கிரேக்கப் புராணம்தான் என் ஆராய்ச்சி. அதை எலெக்டிவ் பேப்பராகக் கொண்டுவரப் பல வருஷம் போராடினேன். அனுமதி வந்த அன்று துறைத்தலைவர் கூப்பிட்டார்.

"பேப்பர் ஓகே ஆயிருச்சு மேடம். ஆனா பர்வீன் எடுக்கட்டும். உங்க கிளாஸ்ல பிள்ளைக தூங்குதுகன்னு சொல்றாங்க."

பர்வீன் காஜிமார் தெருப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு செமஸ்டர்தான் ஆகியிருந்தது. "உங்க நோட்ஸ் இல்லாம எப்படி மேடம் எடுக்குறது?" என்று வந்து நின்றாள். கொடுத்தேன். வயிறு எரிந்தது. அவள் வகுப்பின் சிரிப்பு சுவரைத் தாண்டி என் வகுப்புக்குள் வரும். அப்போதெல்லாம் எனக்குப் பேச்சு தடுமாறும்.

எங்காவது தப்புச் சொல்வாள், பிடித்துவிடலாம் என்றுதான் ஒருநாள் அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். "வாங்க மேடம்!" என்று முகம் மலர்ந்தாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

திரையில் ஒரு அயர்லாந்து கார்ட்டூன்: கிரேக்க வீரன் ஹெர்குலிஸ் பல தலைப் பாம்பை அடிக்கிறான். அவன்மேல் 'குத்தகை விவசாயிகள்' என்றும் பாம்பின்மேல் 'நிலப்பிரபுக்கள்' என்றும் எழுதியிருக்கிறது. நானாக இருந்தால் ஹெர்குலிஸ் கதையையே ஒரு மணிநேரம் சொல்லியிருப்பேன். பர்வீன் கதைக்கே போகவில்லை.

"இது வாரப் பத்திரிகையோட குடுத்த கலர்ப் படம். வாங்குனவங்க வீட்டுச் சுவத்துல ஒட்டிக்கிட்டாங்க. கிரேக்கக் கதை தெரியாத விவசாயிக்கு இது எப்படிப் புரிஞ்சிருக்கும்?"

சோழவந்தானிலிருந்து வரும் மாணவன் எழுந்தான்.

"மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் பாத்ததில்லையா மேம்? தலைவரை முருகனாப் போட்டு, எதிர்க்கட்சிக்காரரைச் சூரனாப் போட்டிருப்பாய்ங்க. யாரு குத்துறா, யாரு குத்து வாங்குறான்னு தெரிஞ்சாப் போதாதா?"

வகுப்பே சிரித்தது. ஒரு மாணவி கேட்டாள்: "தன்னையச் சூரனா வரைஞ்சா அந்த ஆளுக்கு எம்புட்டுக் கோவம் வரும்?"

"வரும்ல? அப்ப அயர்லாந்தை ஆண்டது பிரிட்டிஷ்காரங்க. லண்டன் பத்திரிகைக்காரங்க பதிலுக்கு விவசாயிகளைப் பூதமா வரைஞ்சாங்க," என்றாள் பர்வீன்.

என் கை தானாக உயர்ந்தது. "அந்த ரெண்டு படத்தையும் ஒண்ணாப் பாத்த அயர்லாந்துக்காரன் என்ன நெனச்சிருப்பான்?"

அத்தனை வருஷ ஆராய்ச்சியில் நான் கேட்காத கேள்வி அது.

"தெரியல மேடம். தேடிப் பாப்போமா?" என்றாள் அவள்.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வாரமும் போனேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாரைப் பார்த்து வயிறு எரிகிறதோ, அவர் வகுப்பில் போய் உட்காருங்கள். எரிச்சல் அடங்காது, ஆனால் பாடம் ஏறும்.