மூன்றாவது தடவை கூப்பிடாத குரல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், மே மாதத்தில், ஆத்தூர் அணைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. இதுவரை என் மகளிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, எழுதிப் பழகாத கை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லில் நாங்கள் போகிற சபையிலிருந்து, கோடை லீவில் வாலிபப் பிள்ளைகள் கிராமத்துக்குப் போய், சிறுபிள்ளைகளுக்கு ஐந்து நாள் கதை, பாட்டு, விளையாட்டு எல்லாம் நடத்துவார்கள். அந்த வருஷம் சமைக்கிற அம்மாவுக்குக் காலில் அடிபட்டுவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஜெபம் பண்ணச் சொன்னால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். சோறு வடிக்கத் தெரியும், ஊழியம் என்று நம்மால் ஆனது அவ்வளவுதான் என்று நினைத்து வேனில் ஏறினேன்.

செம்பட்டி, சித்தையன்கோட்டை வழியாகப் போய் இறங்கினோம். ஊர்க் கோடியில் ஓடு போட்ட ஜெபக்கூடம். பின்பக்கம் தென்னந்தோப்பு. அதைத் தாண்டினால் அணையின் வயிற்றுப் பகுதி, கோடையில் தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும் தண்ணீர் தகரத் துண்டு மாதிரி மின்னியது. ஊரில் எல்லாரும் விவசாயக் கூலிக்குப் போகிறவர்கள். காலையில் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு வெங்காயக் காட்டுக்கும் பூந்தோட்டத்துக்கும் போய்விடுவார்கள்.

முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரே சிரிப்பு. எட்டு வயசு இருக்கும் ஒரு பெண்பிள்ளை, ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"சோத்துப் பாட்டி, இவ சாம்பார்ல பேனை விட்டுட்டா!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"போடி, உன் தலையில ஒரு பஞ்சாயத்தே கூடியிருக்கு, என்னைய சொல்ல வந்துட்டா" என்றாள் இவள்.

சாப்பிட்டு முடித்ததும் அவளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், தலையில் எண்ணெய் தேய்த்து, பேன்சீப்பால் வாரிவிட்டேன். மறுநாள் பார்த்தால் எண்ணெய்த் தலைக்கு வரிசை நிற்கிறது! கதைக்குக்கூட அம்புட்டுக் கூட்டம் இல்லை என்று வாலிபப் பிள்ளைகள் கேலி பண்ணினார்கள். என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு பிள்ளைகள் எதையெதையோ பேசும். எனக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த இரண்டாம் நாள்தான், முந்தின நாள் நான் பேன் பார்த்துவிட்ட அந்தச் சின்னவள் முதுகைக் காட்டி நிற்க, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அசையவில்லை. காது மந்தமோ என்று நினைத்தேன்.

"மூணு தடவ கூப்பிடணும் பாட்டி" என்றாள் வரிசையில் இருந்த பெரியவள். "மொகம் தெரியாமக் கூப்பிட்டா நாங்க திரும்ப மாட்டோம். அது ரெண்டு தடவதான் கூப்பிடும். மூணாவது தடவ அதால முடியாது. உசுரோட இருக்கவங்கதான் மூணு தடவ கூப்பிடுவாங்க."

"எதுத்தா?"

வரிசையில் இருந்த அத்தனை பேரும் தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம், தண்ணீர் இருக்கிற திசையைப் பார்த்தார்கள். பட்டப்பகல். எனக்குக் கை மயிர் சிலிர்த்தது.

பெரியவள்தான் பிறகு காதோடு சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உச்சி நேரத்தில் ஆட்டைத் தேடிப் போன ஒரு பெண் அந்தத் தண்ணீரில் போய்விட்டாளாம். யாரோ கூப்பிட்டுத்தான் போனாள் என்று ஊரில் பேச்சு. அவள் வேறு யாரும் இல்லை, இந்தச் சின்னவளின் அக்கா.

நான்காம் நாள் சின்னவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். "எங்கக்கா மட்டும் என்னைய வேற பேரு சொல்லிக் கூப்பிடும், வீட்ல யாருக்கும் தெரியாது" என்று சொல்லி, அந்தப் பெயரை என் காதில் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்க, வாலிபப் பிள்ளைகள் கடைசி நாளுக்குத் திட்டம் போட்டார்கள். ஆண்டவர் ஒரு சிறுபிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கதை. திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மைக்கில் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட வேண்டும். "இதோ இருக்கேன்" என்று எழுந்து வருகிற பிள்ளைக்குப் பரிசு. "கதையில வர்ற மாதிரியே பேரை ரெண்டு தடவ கூப்பிடணும். சத்தம் எதிரொலிக்கிற மாதிரி வச்சிரு" என்றார் தலைவராக இருந்த தம்பி.

கத்தியைக் கீழே வைத்தேன். "தம்பி..." என்றேன்.

"என்ன பாட்டி? நாளைக்குச் சோத்துக்கு வெஞ்சனம் என்னன்னு கேக்குறீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், பிரியமாகத்தான் சிரித்தார்கள்.

படித்த பிள்ளைகள். பேய்க் கதை சொல்ல வந்துட்டா கிழவி என்று நினைப்பார்களே. சபையில் இருந்துகொண்டு இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் என்ன சொல்வேன்? "ஆமா தம்பி" என்றேன். மறுபடியும் பீன்ஸை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் உச்சி நேரம். நான் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். ஐம்பது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். போர்வையால் கட்டிய திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. முதல் பெயர் அந்தச் சின்னவளுடையது. இரண்டு தடவை. கூடம் முழுக்க உருண்டு, ஓட்டில் மோதி, திரும்ப வந்தது.

யாரும் எழவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஐம்பது தலையும் ஒன்றாகக் குனிந்தன. சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். திரைக்குப் பின்னால் இருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அடுத்த பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அவ்வளவுதான், கூடமே எழுந்து ஓடியது.

அந்த அமளியில் சின்னவள் என்னைத் தாண்டி வெளியே போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள்.

"எங்கத்தா போற?"

"செத்த நேரம் பாட்டி, வாரேன்."

தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழுகிற பிள்ளைகளைச் சமாதானம் பண்ணிவிட்டுத் திரும்பினால் குடத்தடியில் அவள் இல்லை. வாலிபப் பிள்ளைகள் தெருத்தெருவாகத் தேடினார்கள். ஒருவர் மைக்கை எடுத்து அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் மட்டும் செருப்புகூடப் போடாமல் தோப்புக்குள் ஓடினேன்.

தோப்பைத் தாண்டியதும் மைக் சத்தம் மங்கிப்போனது. காக்கை இல்லை, காற்று இல்லை, மட்டை அசையவில்லை. வெடித்த தரை காலைச் சுட்டது. தூரத்தில் தண்ணீர் ஓரம், சேற்றில் முழங்கால் வரை இறங்கி, எனக்கு முதுகைக் காட்டி அவள் நின்றாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் ஆழம்.

அப்போதுதான் கேட்டது. தண்ணீர்ப் பக்கமிருந்து. அவள் என் காதில் சொன்ன அந்தப் பெயர்.

கேட்டது என்று சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன். கேட்கவில்லை என்றும் பண்ண மாட்டேன்.

பக்கத்தில் போய்விட்டேன். அவள் திரும்பாமலே, யார் வந்திருப்பது என்று தெரிந்தவள் மாதிரி சொன்னாள்: "கேட்டுச்சா பாட்டி? ரெண்டு தடவ கூப்பிட்டுருச்சு. இன்னும் ஒரு தடவ கூப்பிட்டா எங்கக்கா உசுரோட இருக்குன்னு அர்த்தம். நான் போயிருவேன்."

அவளைக் கூப்பிடப் பெயர் என் வாய் வரை வந்தது. அப்படியே விழுங்கினேன். அதை மூன்றாவது தடவை கூப்பிட்டதாக அவள் எடுத்துக்கொண்டால்? எந்தப் பெயரைச் சொன்னாலும், எந்தக் குரலில் சொன்னாலும், அவள் காலை முன்னால் வைத்துவிடுவாள் என்று பட்டது. வாயைக் கட்டிக்கொண்டு நானும் சேற்றில் இறங்கினேன். என் காலும் முழங்கால் வரை போனது. வெயில் அப்படிக் கொளுத்தும்போது, உள்ளே சேறு ஐஸ் மாதிரி இருந்தது.

அவள் தலையில் கையை வைத்தேன். ரிப்பனை அவிழ்த்தேன். தினமும் செய்கிற மாதிரியே சடையைப் பிரித்து, பின்னந்தலையில் விரலை விட்டுக் கோதினேன்.

"இங்க இன்னும் ஈரு ஒட்டிக்கிட்டு இருக்குடி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் விறைத்து நின்றாள். அப்புறம், மடியில் சாய்கிற பழக்கத்தில், மெதுவாகப் பின்னால் என் வயிற்றில் சாய்ந்தாள். நான் ஒரு காலை உருவிப் பின்னால் வைத்தேன். அவளும் வைத்தாள். கையைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆண்டவரே, அது மறுபடி கூப்பிட வேண்டாம், கூப்பிட வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு எட்டாக வந்தேன்.

கூப்பிடவில்லை.

காய்ந்த தரைக்கு வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகை! பயந்துபோய் அழுகிறாள் என்று நினைத்தேன். "கூப்பிடலையே பாட்டி... மூணாவது தடவ கூப்பிடவே இல்லையே..." என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளை அக்கா செத்துப்போனதை நம்பாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் நம்பியது. நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் அவள் அம்மா வெங்காயக் காட்டிலிருந்து ஓடி வந்தாள். அந்தப் பெயரைச் சொல்லி, வீட்டில் யாராவது இப்படிக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். "அப்படி ஒரு பேரே எங்க வீட்ல இல்லையே பாட்டி" என்றாள்.

தலைவர் தம்பியிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏன் பாட்டி, நேத்தே சொல்லியிருக்கலாமே? நாங்க அந்தக் கதையே எடுத்திருக்க மாட்டோமே" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. பேன் பார்த்த கைக்கு அந்த ஊரே மனசைத் திறந்து காட்டியிருந்தது. அதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று தண்ணீரிலிருந்து வந்தது என்னவென்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் எனக்குத் தெரிந்த ஒன்று தொண்டை வரை வந்தால் இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சேற்றில் அந்தச் சிறுபிள்ளை நின்ற நிலை கண்ணுக்குள் வந்ததும், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன்.