பச்சை வண்ணம் பூசிய இரும்புச் செருப்பு

டெவன் மேடுகளில் முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவர் எஸ்ரா லஸ்கம். ஏற்றம் அவருக்கு ஒரு பொருட்டல்ல. இறக்கம் என்றால்தான் பயம். அவருடைய அண்ணன் ஓர் இறக்கத்தில்தான் குதிரையோடு போய்ச் சேர்ந்தான்.

1888 கோடையில் பாத் நகரத்து வக்கீல் ஃபேன்ஷா, ஊர் சுற்றிக் களிக்கவென்று சக்கரம் வைத்த மஞ்சள் வீடொன்றைக் கட்டுவித்தார். உள்ளே தேக்கு அலமாரி, ஆர்மோனியம், நாற்பது பீங்கான் கோப்பைகள். அதை இழுக்க எஸ்ராவையும் அவருடைய சொந்தப் பெண்குதிரை டாம்சலையும் அமர்த்திக்கொண்டார். ஏற்றம் வந்தால் பக்கத்துப் பண்ணையிலிருந்து இன்னொரு குதிரையை முன்னால் பூட்டுவார்கள். இறக்கம் வந்தால், பின்சக்கரத்தின் அடியில் சங்கிலியோடு ஓர் இரும்புச் செருப்பைச் செருகுவார் எஸ்ரா. சக்கரம் உருளாமல், செருப்பு தரையில் தேய, வண்டி மெல்ல இறங்கும்.

அன்று மாலை மேட்டின் உச்சியில் பண்ணைக் குதிரையைத் திருப்பி அனுப்பிவிட்டுக் குனிந்தார். கொக்கி வெறுமையாக இருந்தது.

"அம்மா, இங்க மாட்டியிருந்த இரும்புச் செருப்பு எங்கம்மா?"

வக்கீலின் மனைவி சிரித்தாள். "அந்த அழுக்குப் பண்டமா? பச்சைப் பெயின்ட் அடிச்சு ஜன்னல்ல வச்சிருக்கேன். பூந்தொட்டி அதுல எவ்வளவு பாந்தமா உக்காந்திருக்கு, வந்து பாரேன்!"

"சங்கிலி?"

"ஒரே துரு. நேத்தே ஆத்துல போட்டுட்டேன்."

கீழே பாதை மூடுபனிக்குள் தலைகுப்புற இறங்கியது. டாம்சல் காதுகளைப் பின்னுக்கு மடக்கியது.

"கைப்பிரேக் இருக்கே, லஸ்கம்" என்றார் ஃபேன்ஷா.

"அது நிக்கிற வண்டிக்குத்தாங்க ஐயா. ஓடுற வண்டி அதை மதிக்காது."

"முப்பது வருஷ அனுபவமாம்! கிழவிகூடக் குடை பிடிச்சுக்கிட்டு இறங்கிடுவா."

"கிழவி முதுகுல ரெண்டு டன் இல்லைங்களே."

"அஞ்சு மணிக்குப் பாதிரியார் வீட்ல தேநீர். இறக்கலைன்னா உனக்கு வேலையும் இல்லை, நற்சான்றும் இல்லை."

எஸ்ரா குதிரையை அவிழ்த்தார். "வேலை உங்களோடது ஐயா. இவ என்னோடவ." இரண்டு பாறாங்கற்களைச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். "கீழே கொல்லன்கிட்ட சங்கிலி வாங்கிட்டு வரேன். கல்லைத் தொட்டுடாதீங்க. அம்மா, நீங்க உள்ள உக்காராதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

பாதி வழியில் அந்த ஓசை கேட்டது. முதலில் ஒரு கோப்பை கிணுங்கியது. பிறகு இரண்டு. பிறகு நாற்பதும்.

பாதையை அடைத்து நிற்கும் வண்டியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தலாமென்று வக்கீலுக்குத் தோன்றியிருக்கிறது. கைப்பிரேக்கை நம்பிக் கல்லை எடுத்துவிட்டார்.

எஸ்ரா டாம்சலின் கடிவாளத்தைப் பற்றி வயல் வாசலுக்குள் தள்ளினார். பனியைக் கிழித்துக்கொண்டு மஞ்சள் வீடு கடந்து போனது. உள்ளே ஆர்மோனியம் தானே முனகியது. முன்படியில், பிரேக் பிடியைக் கட்டிக்கொண்டு, தொப்பியில்லாத ஒரு தலை. வளைவில் கற்சுவர் இடிந்தது.

மேட்டிலிருந்து அம்மாளின் குரல் மட்டும் கணவன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இறங்கி வந்தது. பள்ளத்திலிருந்து பதில் வரவில்லை.