அமெரிக்கத் தளபதிக்குக் கட்டிய தலைப்பாகை

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் டிசைன் வேலை பார்த்தேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போட்டவன் என்றால் யாரும் மதிப்பதில்லை. அதனால் ஓர் ஊருக்கே ஒரு முன்னோரைச் செய்து கொடுத்தவன் என்று சொல்லிக்கொள்கிறேன். அது பொய்யுமில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், அமெரிக்காவில் ஏதோ சின்ன ஊரிலிருந்து காலண்டர் ஆர்டர் வந்தது. அட்டைக்கு ஒரு போட்டோ: அவர்கள் பூங்காவில் இருக்கும் மார்பளவு வெண்கலச் சிலை. அந்த நாட்டு உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்தவராம். மழையிலும் பனியிலும் கிடந்து மீசை வரை பச்சை பூத்திருந்தார்.

முதலாளி முகம் சுளித்தார். "ஏலே, என்ன இது, பாசி பிடிச்ச தொட்டி மாதிரி? பளபளன்னு ஆக்குலே!"

ஆக்கினேன். தோளிலிருந்த பறவை எச்சத்தைக்கூடத் துடைத்தேன். 'எங்கள் தளபதியைப் பச்சையாகவே விடுங்கள்' என்று மெயில் வந்தது. பச்சையாகவே அச்சேறினார். பளபளத்தவர் என் கம்ப்யூட்டரில் தங்கிவிட்டார்.

முதலாளிக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. தீபாவளி சீசனில் ஒரு புது வெடிக்கு லேபிள் கேட்டார்கள். "அந்த மீசைக்காரருக்கு ஒரு தலைப்பாகையக் கட்டி விடு" என்றார். கட்டினேன். கோட்டுப் பொத்தான்களை மறைக்க முத்துமாலையும் போட்டேன்.

பொங்கல் கழித்து, மல்லாங்கிணறு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நான்கு பேர் அந்த வெடியின் காலிப் பெட்டியோடு வந்தார்கள். அவர்கள் ஊரில் பாளையக்காரர் காலத்துத் தளபதி ஒருவர் இருந்தாராம். அரண்மனையில் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டபோது அண்ணன் பக்கம் நின்று செத்தவர். சிலை வைக்க இடம் தயார். முகம்தான் யாருக்கும் தெரியாது. கூட்டத்துக்குத் தலைவரான பெரியவர் பெட்டியைத் தடவினார்.

"எங்க பாட்டனார் சொன்ன அடையாளம் அப்படியே இருக்கு. படத்தைப் பெருசாப் போட்டுத் தாங்க."

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு என்பதற்கு அவர் வைத்திருந்த பார்வை அது. ஆனால் நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் ஊரே சேர்ந்து என் கழுத்தைத்தான் பிடிக்கும். வாசல் வரை போய்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஐயா, இவரு அமெரிக்காவுல சண்டை போட்டவரு. அங்கன இவருக்குச் சிலையே இருக்கு."

பெரியவர் அப்படியே நின்றார். "அம்புட்டுத் தூரம் போயா சண்டை போட்டிருக்காக?" உடன் வந்தவர்களிடம் திரும்பினார். "கேட்டீகளா? வெள்ளைக்காரனே சிலை வச்சிருக்கான். நாமதான் சும்மா இருந்திருக்கோம்!"

"இல்லைங்கய்யா..." என்று மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்றாவது முறை அவர் என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை ஈரமானது. "முகம் தெரியாமலே கும்பிட்டுக்கிட்டு இருந்தோம்யா" என்றார். உள்ளே போய்ப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன்.

சித்திரையில் சிலையைத் திறந்தார்கள். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, வெட்டவெளியில், வெண்கலத்தில். தலைப்பாகை அவருக்குப் பொருந்தத்தான் செய்தது. எனக்கு மேடையில் பொன்னாடை. கீழே கல்வெட்டில் 'கடல் கடந்து அமெரிக்கப் போரிலும் வாகை சூடிய மாவீரர்' என்றிருந்தது. அவர் அங்கே ஜெயித்தாரா தோற்றாரா என்பது எனக்கே தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களே, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். கல்வெட்டுக்கு வாசகம் தேடிக்கொண்டிருப்பவர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.