கதவில்லாத வீட்டுக்கு வந்த மாதா

ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தால் அது என் நெஞ்சுக்கே பாரம்.

என் பெயர் ஸ்டெல்லா. நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் ஐந்து வருஷமாகக் குவைத்தில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. ஊர் எல்லையில், வயலை ஒட்டி எங்கள் புது வீடு எழும்பிக்கொண்டிருக்க, நான் ஊருக்குள் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தேன். பேச்சுத் துணைக்கு டிவியைப் போடுவேன். அதுவும் பிடிக்காமல் அணைத்துவிடுவேன்.

அந்தத் தனிமையில் பாதி நானே தேடிக்கொண்டது. அக்டோபர் ஜெபமாலை மாதத்தில் எங்கள் ஊரில் மாதா சுரூபத்தை நாளுக்கு ஒரு வீடாக எடுத்துப் போவார்கள். ஜெபமாலை சொல்லி, சுண்டல் சாப்பிட்டு, சுரூபத்தை அங்கேயே வைத்துவிட்டு, மறுநாள் அடுத்த வீடு. என் முறை வந்த மூன்று வருஷமும் மறுத்துவிட்டேன்.

"ஒழுகுற வூட்டுக்கு மாதா எதுக்குக்கா? புது வூடு முடியட்டும், மொதல்ல அங்கதான் வரணும்" என்று, முறைப் பட்டியல் எழுதும் ஜோசபின் அக்காவிடம் சொன்னேன். பெருமைதான், வேறென்ன? நாலாம் வருஷம் அவர் கேட்கவே இல்லை. அதற்கும் கோபித்துக்கொண்டேன்.

அந்த அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை சாயந்திரம். மாடிக் கைப்பிடிச் சுவர் அப்போதுதான் கட்டியிருந்தார்கள். அதற்குத் தண்ணீர் விடப் போனேன். இறங்கும்போது படியில் கால் வழுக்கி, நேராகக் கீழே ஹாலில் விழுந்தேன். வலது காலை அசைக்க முடியவில்லை. போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தேன். கத்திப் பார்த்தேன். வயலில் ஒரு ஆள் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேஸ்திரி திங்கள்கிழமைதான் வருவார். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவார். அதுவரை நான் எங்கே என்று கேட்க ஒருவரும் கிடையாது. அழுதேன். "மாதாவே, என்னைத் தேட ஒரே ஒரு ஆளை அனுப்பும்மா" என்று கெஞ்சினேன்.

கொஞ்ச நேரத்தில் ரோட்டில் மாதா பாட்டு கேட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குச் சுரூபத்தை எடுத்துப் போகிறார்கள்! தொண்டை கிழியக் கத்தினேன். அத்தனை பேர் பாட்டில் என் குரல் எடுபடவில்லை. பாட்டு என்னைத் தாண்டிப் போய், குறைந்துகொண்டே வந்தது. அந்த மாதிரி அநாதையாக நான் என் ஆயுசில் இருந்ததில்லை.

திடீரென்று மழை பொத்துக்கொண்டு ஊற்றியது. சுரூபம் நனையக்கூடாதென்று எல்லோரும் திரும்பி ஓடி வந்தார்கள். வாய்க்கால் வீடு இன்னும் தூரம். பக்கத்தில் ஒதுங்கத் தளம் போட்ட இடம், கதவுகூட வைக்காத என் வீடு ஒன்றுதான்.

"யாருடி அது, ஸ்டெல்லாவா? இன்னாடி ஆச்சு?" ஜோசபின் அக்கா சுரூபத்தைச் சிமெண்ட் மூட்டைமேல் வைத்துவிட்டு என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "வெளிய வரப்ப யார்கிட்டனா சொல்லிட்டு வரக் கூடாதா?"

"யார்கிட்டக்கா சொல்றது?"

அவர் அழுதுவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தச் சிமெண்ட் தூசியில் உட்கார்ந்து எல்லோரும் எனக்காக ஜெபமாலை சொன்னார்கள்.

இரண்டு மாதம் மாவுக்கட்டோடு ஓட்டு வீட்டில் கிடந்தேன். தினமும் யாராவது சாப்பாடு கொண்டுவந்தார்கள். புது வீட்டுக்கென்று பிரிக்காமல் வைத்திருந்த தட்டுகளை எடுத்து, மழைக்கு ஒழுகாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து, சேர்ந்து சாப்பிட்டோம். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்புச் சத்தம் நான் கேட்டதில்லை.

வீடு இன்னும் முடியவில்லை. பூச்சு வேலை நடக்கிறது. நானும் விடவில்லை, தினமும் போய்த் தண்ணீர் விடுகிறேன், இப்போது கையில் போனோடு. தனிமை போய்விட்டது என்று சாட்சிக்காகப் பொய் சொல்ல மாட்டேன். சாயந்திரமானால் மனசு இன்னும் கனக்கிறது. அன்பானவர்களே, உங்கள் கனவுக்காக உழையுங்கள், ஆண்டவரிடம் அடம்பிடித்தும் கேளுங்கள். ஆனால் அது முடிகிறவரை அவரையும், அவர் அனுப்புகிற மனுஷர்களையும் வாசலில் நிறுத்திவைக்காதீர்கள். நான் என் வீட்டுக்காரரையே அப்படித்தான் நிறுத்தி வைத்திருந்தேன். ஐந்து வருஷமாக அவரோடு பேசியதெல்லாம் செங்கல், கம்பி, மேஸ்திரிதான். மாவுக்கட்டுப் பிரித்த வாரம் அவர் கூப்பிட்டபோது, "இன்னிக்கு இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று, "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன்" என்றார். "நீ இதெல்லாம் கேக்க மாட்டியே, அதான்... ரசம் வெச்சேன் ஸ்டெல்லா. உப்பு கம்மி."