நான் விட்ட இரண்டு ஊசி

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது, ஆண் ஹார்மோன்தான் அதற்குத் தீனி, அதை நிறுத்தினால் நோய் அடங்கிக் கிடக்கும் என்றார் சேலத்து டாக்டர். முப்பது வருடம் லாரி ஓட்டியவனுக்கு, டீசலை அடைத்தால் இன்ஜின் நிற்கும் என்பது புரியாதா? சரி என்றேன்.

இடுப்பு வலி போயிற்று. கூடவே வேறு சிலதும் போயின. மனைவி பாயைத் தனியாக விரித்துக்கொண்டாள். எனக்கு வேர்க்கிறது, அதனால்தான் என்று இருவரும் வைத்துக்கொண்டோம். ஃபேனுக்கு அடியிலேயே உடம்பு பழைய லாரி கேபின் மாதிரி கொதித்து அடங்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மார்பு வளர ஆரம்பித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

குலதெய்வக் கோவில் பண்டிகைக்குக் காவிரியிலிருந்து தீர்த்தக்குடம் எடுப்போம். குடம் எடுக்கும் ஆண்கள் மேலுக்குச் சட்டை போடக் கூடாது. எங்கள் வீட்டுக் குடம் அப்பாவுக்குப் பிறகு என்னுடையது. பங்காளிகள் முன்னால் இந்த மார்போடு எப்படி நிற்பது? யோசிக்க யோசிக்க நோயைவிட அதுவே பெரிதாகிவிட்டது. பண்டிகைக்கு ஆறு மாதம் இருந்தது. இரண்டு ஊசியை விட்டால் வற்றிவிடும் என்று நானே டாக்டரானேன்.

ஊசிக்குத் தனியாகத்தான் போய்வருவேன். அந்த முறை கிளம்பாததைப் பார்த்து மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, ஊசி போடற நாள் வந்துருச்சுங்களே?"

"டாக்டரு இனி வேண்டாம்னுட்டாரு. நல்லாயிருச்சாமா."

"சாமி கண்ணத் தொறந்துருச்சுங்க" என்று அங்கேயே ஒரு கிடா நேர்ந்துகொண்டாள். அழுத முகத்தோடு சிரித்தாள். அதைப் பார்த்தும் வாயைத் திறக்காத என்னை என்ன சொல்ல?

மார்பு வற்றவில்லை. இடுப்பு வலிதான் திரும்பி வந்தது. பண்டிகையன்று துண்டைப் போர்த்திக்கொண்டு குடத்தோடு நடந்தேன். பாதி வழியில் துண்டு நழுவியது; இரண்டு கையும் குடத்தில். யாரும் சிரிக்கவில்லை. பின்னால் வந்த பங்காளி துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்து வாங்ணா, கல்லு கெடக்குது" என்றான். அவ்வளவுதான். இதற்கா பயந்தேன்? மறுநாள் கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டோம்.

வலி தாங்காமல் மறுபடி டாக்டரிடம் தனியாகவே போனேன். ஊசியைத் திரும்பத் தொடங்கியும் நோய் அடங்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் போனபோது மனைவியும் வந்தாள். "முன்ன மாதிரி ஊசி கேக்கலைங்க. நடுவுல நிறுத்தினதாலதானான்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அவர் நல்லவர். எனக்கு உறுதியாகத் தெரியும்.

நடுவில் நிறுத்தியது மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது. பஸ்ஸில் ஊர் வந்து இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அந்தக் கெடா எதுக்குங்க வெட்டுனோம்?"